டேபிள் உறவுப் படம்: எதில் வரைவது?

2023 ஜனவரி 9

பழைய டேட்டாபேஸ் ஒன்று என் தலையில் விழுந்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல், 143 டேபிள். உருவாக்கியவர்கள் யாரும் இப்போது இல்லை. ஆவணம் என்று ஒரு வரிகூடக் கிடையாது. அடுத்த மாதம் அணிக்குப் புதிதாக ஒருவர் வருகிறார், அவர் கையில் கொடுக்க ஒரு இஆர் டயகிராம் (டேபிள்களையும் அவற்றுக்கு இடையிலான உறவுகளையும் காட்டும் படம்) வேண்டும். எந்த மென்பொருளில் வரையலாம்? இலவசமாக இருந்தால் நல்லது. பெட்டி, கோடு, கோட்டின் முனையில் ஒன்றா பலவா என்ற குறி, இவ்வளவு போதும். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 9, இரவு

இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள்: விசியோ, டிரா.ஐஓ, மைஎஸ்க்யூஎல் வொர்க்பெஞ்ச், டிபீவர், ஸ்கீமாஸ்பை, டிபிடயகிராம், மெர்மெய்ட். ஒருவர் மட்டும் "பேப்பரும் பென்சிலும்" என்று எழுதியிருக்கிறார். நல்ல நகைச்சுவை. 143 டேபிள் ஐயா!

ஜனவரி 11

டிரா.ஐஓவில் தொடங்கினேன். இஆர் படத்துக்கான வடிவங்கள் தனித் தொகுப்பாகவே இருக்கின்றன, இழுத்துப் போட்டால் பெட்டி வருகிறது. ஒன்பது டேபிளுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஃபீல்டு (டேபிளின் நெடுவரிசை) பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ததில் மூன்றாவது பெட்டியிலேயே ஒரு பெயரைத் தப்பாக அடித்திருக்கிறேன், ஏழாவது பெட்டிக்கு வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. அந்தப் பெயரில் டேட்டாபேஸில் ஃபீல்டே இல்லை. ஆனால் படத்துக்கு அது தெரியாது. இல்லாத ஃபீல்டிலிருந்து இல்லாத டேபிளுக்குக் கோடு போட்டாலும் வாயைத் திறக்காமல் போட்டுக்கொடுக்கும்.

அதாவது இது வரைகிற கருவி, மாடலிங் கருவி இல்லை. வகுப்பில் பாடம் நடத்தவும் முன்மொழிவில் ஒட்டவும் இது போதும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை இதில் படமாக்குவது, சுவரில் கிளி வரைந்துவிட்டு அது பேசும் என்று காத்திருப்பது மாதிரி.

விசியோ சொன்னவருக்கு: 2010 பதிப்பு வரை டேட்டாபேஸைப் படித்து அதுவே மாடல் போட்டுக்கொள்ளும் வசதி இருந்தது. 2013இல் அதை எடுத்துவிட்டார்கள். பிறகு சில பதிப்புகளுக்குத் தனி இணைப்பாகத் திரும்பி வந்தது. என்னிடம் அது இல்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

ஜனவரி 12

வொர்க்பெஞ்சைத் திறந்து ரிவர்ஸ் எஞ்சினியரிங் கொடுத்தேன், அதாவது இருக்கிற டேட்டாபேஸைப் படித்து அதுவே படம் போட. சில நிமிடங்களில் 143 பெட்டியும் வந்துவிட்டன. ஃபீல்டு பெயர், வகை, பிரைமரி கீக்கு (ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்து அடையாளம் காட்டும் ஃபீல்டு) சாவிப் படம், எல்லாம் சரியாக இருக்கின்றன.

கோடு ஒன்றுகூட இல்லை.

ஜனவரி 12, மாலை

வொர்க்பெஞ்ச் மேல் தப்பில்லை. டேபிள்களில் பெரும்பாலானவை மைஐசாம் எஞ்சினில் (டேட்டாவைச் சேமிக்கும் உள்பொறி) இருக்கின்றன. அந்த எஞ்சினுக்கு ஃபாரின் கீ (இந்த ஃபீல்டு இன்னொரு டேபிளின் ரெக்கார்டைக் குறிக்கிறது என்ற அறிவிப்பு) என்றால் என்னவென்றே தெரியாது. டேபிள் உருவாக்கும்போது ஃபாரின் கீ எழுதினாலும் பிழை காட்டாமல் வாங்கிக்கொண்டு அப்படியே மறந்துவிடும். 2010இல் வந்த 5.5 பதிப்பில்தான் ஃபாரின் கீயை மதிக்கிற இன்னோடிபி இயல்பான எஞ்சின் ஆனது. இந்த டேட்டாபேஸ் அதற்கு முந்தையது. உறவெல்லாம் நிரலில் எழுதியிருக்கிற ஜாயினில்தான் (இரண்டு டேபிளைச் சேர்த்துப் படிக்கும் கட்டளை) இருக்கிறது, டேட்டாபேஸுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

படம் வரையும் மென்பொருள்கள் கோடுகளைத் தாமாகக் கண்டுபிடிப்பதில்லை, டேட்டாபேஸில் அறிவித்திருக்கிற ஃபாரின் கீகளைப் படித்துக் காட்டுகின்றன, அவ்வளவுதான். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு இதை இன்றைக்குத்தான் உறைக்கிற மாதிரி உணர்ந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் இதற்கு ஒரு தம்பி உண்டு. அங்கே ஃபாரின் கீயை எழுதி வைக்கலாம், படத்திலும் கோடு வரும். ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும் ஃபாரின் கீ சோதனையைத் தனியாக இயக்கினால்தான் அது வேலை செய்யும். இயல்பில் அது அணைந்தே இருக்கும். அங்கே படத்தில் கோடு இருக்கும், காவல் இருக்காது.

ஜனவரி 14

ஸ்கீமாஸ்பை ஓட்டிப் பார்த்தேன். ஜாவாவில் ஓடுவது, திரை எதுவும் கிடையாது. கட்டளை கொடுத்தால் ஒரு கோப்புறை நிறைய வலைப்பக்கங்களை எழுதித் தள்ளிவிடும். ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு பக்கம், அதில் அந்த டேபிளும் ஒரு படி தள்ளியிருக்கிற அண்டை டேபிள்களும், வேண்டுமென்றால் இரண்டு படி வரையிலும். 143 பெட்டியையும் ஒரே தாளில் திணிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எந்த உறவும் இல்லாத டேபிள்களுக்கு என்று தனிப் பக்கம் ஒன்று உண்டு, அநாதை டேபிள்கள் என்று தலைப்பு. என் வீட்டுப் பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லாருமே அங்கேதான் நிற்கிறார்கள்.

இதில் பிடித்தது, ஊகிக்கிற வசதி. ஒரு டேபிளின் ஃபீல்டு பெயரும் வகையும் இன்னொரு டேபிளின் பிரைமரி கீயோடு ஒத்துப்போனால், "இங்கே உறவு இருக்கலாம்" என்று விட்டுவிட்டு வரும் கோடு போடுகிறது. ஆனால் எங்கள் டேபிள்களில் பிரைமரி கீ எல்லாவற்றுக்கும் பெயர் வெறும் "ஐடி". கஸ்டமர்_ஐடி என்ற ஃபீல்டு கஸ்டமர் டேபிளின் ஐடியைக் குறிக்கிறது என்று மனிதனுக்குத் தெரியும், பெயரை மட்டும் ஒப்பிடுகிற கருவிக்குத் தெரியாது. ரெயில்ஸ் என்ற வலை நிரல் கட்டமைப்பின் பாணிப் பெயர்களைப் புரிந்துகொள்ளத் தனித் தேர்வு ஒன்று இருக்கிறது. அது டேபிள் பெயர் பன்மையில் இருக்கும் என்று எதிர்பார்க்கிறது. எங்களுடையதில் எல்லாம் ஒருமை, போதாக்குறைக்கு முன்னால் "டிபிஎல்_" வேறு.

ஜனவரி 15

12ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். "கோடு ஒன்றுகூட இல்லை" என்றது தவறு. இன்று பெரிதாக்கிப் பார்த்தால் வலது கீழ்மூலையில் இரண்டு கோடு இருக்கின்றன. 19 டேபிள் இன்னோடிபி. அவற்றில் மூன்றை மட்டும் யாரோ ஒரு புண்ணியவான் ஒழுங்காக இணைத்திருக்கிறார். அந்த மனிதர் இன்னும் ஆறு மாதம் வேலையில் இருந்திருக்கக் கூடாதா?

ஜனவரி 18

சரி, கோடு இல்லையென்றால் நானே போடுகிறேன் என்று வொர்க்பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். இடது பக்கப் பட்டையில் உறவுக்கான ஐகான்கள் இருக்கின்றன. ஒன்றுக்குப் பல என்பதை எடுத்து ஆர்டர் டேபிளையும் கஸ்டமர் டேபிளையும் தொட்டேன். கோடு வந்தது, கூடவே ஆர்டரில் "கஸ்டமர்_ஐடி1" என்று புது ஃபீல்டு ஒன்று முளைத்தது. கஸ்டமர்_ஐடி ஏற்கெனவே அங்கே இருக்கிறதே! அந்த ஐகான் எப்போதும் தனக்கென்று புது ஃபீல்டு சேர்த்துத்தான் உறவு போடும். இருக்கிற ஃபீல்டை வைத்துப் போட, பட்டையின் கடைசியில் வேறொரு ஐகான். நான் அதைக் கண்டுபிடிப்பதற்குள் பதினோரு டேபிளில் இப்படி முளைத்துவிட்டது, ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

இன்னொன்று. கோட்டில் இரண்டு வகை, முழுக்கோடு, விட்டுவிட்டு வரும் கோடு. அழகுக்காக என்று நினைத்து முழுக்கோட்டை எடுத்தேன். அழகுக்காக இல்லை. முழுக்கோடு என்றால் பிள்ளை டேபிளின் (இன்னொன்றைக் குறிக்கிற டேபிள்) அடையாளமே பெற்றோரைச் (குறிக்கப்படுகிற டேபிள்) சார்ந்தது என்று பொருள், அதனால் ஃபாரின் கீ போய்ப் பிள்ளையின் பிரைமரி கீயிலும் சேர்ந்துகொள்கிறது. ஆர்டருக்கும் அதில் உள்ள பொருள் வரிகளுக்கும் அது பொருந்தும். ஆர்டருக்கும் கஸ்டமருக்கும் பொருந்தாது. பலவற்றுக்குப் பல என்ற ஐகானை எடுத்தால் நடுவில் தானே ஒரு டேபிளை உண்டாக்கி, இரண்டு பெயருக்கும் இடையே "ஹேஸ்" என்று எழுதிவைக்கும். யாருடைய டேட்டாபேஸிலாவது "_ஹேஸ்_" என்று டேபிள் பெயர் பார்த்தால் பிறந்த இடம் எது என்று சொல்லிவிடலாம்.

ஜனவரி 19

ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று எழுதியவனை யாராவது பார்த்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 21

படத்தின் குறிகளை எப்படிப் படிப்பது என்று கேட்டவருக்கு. சாய்சதுரத்துக்குள் வினைச்சொல் எழுதிப் படிப்பது பீட்டர் சென் முறை. 1976இல் வெளியான அவருடைய கட்டுரையிலிருந்துதான் இஆர் மாடல் என்ற பெயரே பரவியது. கல்லூரித் தேர்வில் அதைத்தான் கேட்பார்கள். வேலையில் அந்தச் சாய்சதுரத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பெரும்பாலான மென்பொருள்கள் வரைவது காக்கைக்கால் குறி. அதுவும் அதே 1976இல் கோர்டன் எவரெஸ்ட் எழுதியதிலிருந்து வந்தது, அவர் அதைத் தலைகீழ் அம்பு என்றார்.

காக்கைக்காலை முனையிலிருந்து படிக்க வேண்டும். மூன்றாகப் பிரிந்தால் பல, ஒற்றைக் குறுக்குக்கோடு என்றால் ஒன்று. இது எல்லாருக்கும் தெரியும். பலரும் தவறவிடுவது அதற்கு உட்பக்கத்தில் இருக்கும் இரண்டாவது குறியை. வட்டம் என்றால் இல்லாமலும் இருக்கலாம், குறுக்குக்கோடு என்றால் கட்டாயம் இருக்க வேண்டும். ஆர்டரே போடாத கஸ்டமர் இருக்கலாமா என்ற கேள்விக்கு விடை அந்தச் சின்ன வட்டம்தான். கஸ்டமரே இல்லாத ஆர்டர் இருக்கலாமா? இருக்கக் கூடாது. இருக்கின்றனவா என்பதற்குப் பிறகு வருகிறேன்.

என் படத்தில் 143 பெட்டிக்கு நடுவே போட்ட வரைக்கும் காக்கைக்கால் எல்லாம் கோழிக் கிறுக்கலாகத்தான் தெரிகிறது.

ஜனவரி 25

டிபீவர். வேலை வேகமாக நடக்கிறது. மைஎஸ்க்யூஎல் மட்டும் என்றில்லை, போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் என்று கையில் கிடைப்பதையெல்லாம் திறக்கும். டேபிளைத் திறந்து படத் தாவலுக்குப் போனால் அதுவும் அதன் உறவுகளும். மெய்நிகர் ஃபாரின் கீ என்று ஒன்று தருகிறது. டேட்டாபேஸைத் தொடாமல், "இந்த ஃபீல்டு அந்த டேபிளைக் குறிக்கிறது" என்று டிபீவருக்கு மட்டும் சொல்லிவைக்கலாம். அதன் பிறகு படத்தில் கோடு வருகிறது. எனக்குத் தேவையானது இதுதான் என்று அன்றைக்கே 40 உறவு சேர்த்துவிட்டேன்.

ஜனவரி 26

அவசரப்பட்டுவிட்டேன். அந்த 40 உறவும் என் கணினியில் டிபீவரின் அமைப்புக் கோப்புக்குள் இருக்கின்றன. பக்கத்து இருக்கைக்காரர் அதே டேட்டாபேஸைத் தன் டிபீவரில் திறந்தார், வெறும் பெட்டிகள்தான். என் தலைக்குள் இருந்ததை என் கணினிக்குள் மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்.

வொர்க்பெஞ்ச் கோப்பைக் கிட் என்ற, கோப்பு மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவியில் போட்டுப் பகிரலாமே என்றார் ஒருவர். போடலாம். ஆனால் அந்தக் கோப்பு உள்ளுக்குள் ஒரு ஜிப். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று கிட்டிடம் கேட்டால், மாறியிருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

ஜனவரி 30

சின்னதாக ஒரு கண்டுபிடிப்பு, ஆனால் இந்த மாதத்தில் அதிகம் உதவியது இதுதான். எங்கள் டேபிள் எல்லாவற்றிலும் உருவாக்கியவர், திருத்தியவர் என்று இரண்டு ஃபீல்டு உண்டு, இரண்டும் யூசர் டேபிளைப் பார்க்கும். அதற்கு உறவு போட்டால் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் இரண்டு கோடு யூசரை நோக்கி ஓடுகின்றன. படம் சிக்குப்பிடித்த நூல்கண்டாகிவிடுகிறது. யூசர் பெட்டியைத் தூக்கிவிட்டேன். நாடு, மாநிலம், நாணயம், நிலை மாதிரியான சில்லறைப் பட்டியல் டேபிள்களையும் தூக்கினேன். பெயர் முடிவில் _ஓல்டு, _பேக்கப், _நியூ2 என்று இருந்தவை 31. நிரலில் தேடினேன், எங்கும் பயன்பாடு இல்லை. அவையும் வெளியே.

மிச்சம் 80 சொச்சம். அதையும் பில்லிங், சரக்கு, ஆட்கள், அறிக்கை என்று நான்காகப் பிரித்தேன். முதல்முறையாகப் படம் கண்ணுக்குத் தெரிகிறது. எந்த மென்பொருளும் இதைச் செய்துகொடுத்திருக்காது. எதை விடுவது என்பது அதற்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி 3

பேச்சு மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் பக்கம் போனதால் ஒரு பழைய கதை. அங்கே அதன் நிர்வாக மென்பொருளான எஸ்எஸ்எம்எஸ்ஸில் டேட்டாபேஸ் டயகிராம் என்று ஒன்று உண்டு. 18.0 பதிப்பில் அதை எடுத்துவிட்டு, பயனர்கள் கூச்சல் போட்டதும் 18.1இல் திரும்பக் கொடுத்தார்கள். அது படம் இல்லை, ஜன்னல். அதில் செய்கிற மாற்றம் சேமிக்கும்போது நேரே டேட்டாபேஸுக்குப் போகும். பெட்டிமேல் வலது கிளிக் செய்தால் "படத்திலிருந்து நீக்கு" என்று ஒரு வரி, "டேட்டாபேஸிலிருந்து டேபிளை அழி" என்று இன்னொரு வரி. முன்பு வேலை செய்த ஓரிடத்தில், சோதனை சர்வரில், நான் இரண்டாவதைத் தொட்டேன். கேட்டது, ஆம் என்றேன். சேமிக்கவா என்றது, அதற்கும் ஆம். தப்பு முழுக்க என் விரலுடையது. சோதனை சர்வர் என்பதால் மானம் பிழைத்தது. அன்றிலிருந்து படம் வரைகிற வேலைக்கு வாசிக்க மட்டும் அனுமதியுள்ள யூசரில்தான் உள்ளே போகிறேன். நீங்கள் எந்த மென்பொருளை எடுத்தாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள்.

பிப்ரவரி 8

எழுத்திலிருந்து படம். டிபிஎம்எல் என்பது டேபிளையும் உறவையும் வெறும் உரையாக எழுதுகிற முறை. டிபிடயகிராம் தளத்தில் இடது பக்கம் எழுதினால் வலது பக்கம் படம். உறவுக்கு ஒரு வரி போதும். ஆர்டரின் கஸ்டமர்_ஐடி, நடுவில் > குறி, பிறகு கஸ்டமரின் ஐடி. பல என்ற பக்கம் எது என்று அந்தக் குறியின் வாயே காட்டிவிடும். பெட்டிகளை நம் இஷ்டத்துக்கு நகர்த்தி வைக்கலாம். டேட்டாபேஸின் எஸ்க்யூஎல் கட்டளைகளை டிபிஎம்எல்லாக மாற்றவும் கருவி இருக்கிறது, அதனால் ஃபீல்டுகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. டேட்டாவை விட்டுவிட்டு டேபிள் அமைப்பை மட்டும் எடுத்துக் கொடுத்தேன், ஐந்து நிமிடம்.

முக்கியமாக, இது உரைக் கோப்பு. யார் எந்த உறவை எப்போது சேர்த்தார்கள் என்று கிட் வரிவரியாகக் காட்டும்.

மெர்மெய்டும் இதே குடும்பம்தான். கிட் கோப்புகளைப் பகிரும் தளமான கிட்ஹப் 2022 பிப்ரவரியிலிருந்து அதை நேரடியாகப் படமாகக் காட்டுகிறது, தனியாகத் தளம் எதற்கும் போக வேண்டாம். ஆனால் பெட்டியை எங்கே வைப்பது என்பது நம் கையில் இல்லை, அதுவே முடிவு செய்யும். எட்டுப் பத்து டேபிள் வரை பரவாயில்லை. முப்பதைத் தாண்டினால் தலையைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். தவிர உறவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதியே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. எரிச்சல்.

பிப்ரவரி 10

எரிச்சல் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆர்டரிலிருந்து முகவரி டேபிளுக்கு இரண்டு உறவு. முதலாவதற்குப் பெயர் வைக்கப் போனபோது "பில் போகும் இடம்" என்று எழுதினேன். இரண்டாவதற்கு "சரக்கு போகும் இடம்" என்று எழுதப் போய், சந்தேகம் வந்து நிரலைப் பார்த்தேன். அது சரக்கு கிளம்பும் இடம். மூன்று வாரமாக அதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தேன். வெறும் கோடாகப் போட்டிருந்தால் புதிதாக வருகிறவரிடமும் அப்படியே சொல்லிக்கொடுத்திருப்பேன்.

இப்போது டிபிஎம்எல்லிலும் ஒவ்வொரு உறவுக்கு மேலே ஒரு குறிப்பு எழுதுகிறேன்.

பிப்ரவரி 16

கஸ்டமரே இல்லாத ஆர்டர் உண்டா என்று கேட்டிருந்தேன் அல்லவா? உண்டு. 212.

பில்லிங் பகுதியை மட்டும் இன்னோடிபிக்கு மாற்றி, உண்மையான ஃபாரின் கீ சேர்ப்பது என்று முடிவானது. டேபிளை மாற்றும் முதல் ஆல்டர் கட்டளைக்கே பிழை 3780, இரண்டு ஃபீல்டும் ஒத்துப்போகவில்லை. ஒரு பக்கம் மைனஸ் எண் அனுமதிக்கிற இன்ட் (முழு எண் வகை), மறுபக்கம் அனுமதிக்காத அன்சைன்டு இன்ட். அதைச் சரிசெய்து மறுபடி கொடுத்தால் 1452, பெற்றோர் இல்லாத பிள்ளை ரெக்கார்டு இருக்கிறது என்று அர்த்தம். பிள்ளை ரெக்கார்டு எல்லாவற்றையும் காட்டும் லெஃப்ட் ஜாயின் போட்டுப் பெற்றோர் பக்கம் காலியாக வருவதை எண்ணினேன். எப்போதோ கஸ்டமரை அழித்தவர்கள் ஆர்டரை அழிக்கவில்லை. அந்த 212ஐ என்ன செய்வது என்று கணக்குப் பிரிவு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

ஏழு ஃபாரின் கீ உள்ளே போய்விட்டன. அதே வொர்க்பெஞ்சில் மறுபடி ரிவர்ஸ் எஞ்சினியரிங் கொடுத்தேன். பில்லிங் பெட்டிகளுக்கு நடுவே ஏழு கோடு, நான் எதையும் வரையாமலே.

பிப்ரவரி 20

புதியவர் வந்துவிட்டார். நான்கு படத்தில் இரண்டுதான் தயார். ஏ4 தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 2

"கடைசியில் எதைத்தான் பயன்படுத்துகிறீர்கள்?" என்று நான்கு பேர் கேட்டாயிற்று. கோப்பு டிபிஎம்எல்லில், கிட்டில். அன்றாடம் எட்டிப் பார்க்க டிபீவர். ஃபாரின் கீ சேர்ந்த பகுதிகளுக்கு மட்டும் ஸ்கீமாஸ்பை, வாரம் ஒருமுறை தானாக ஓடுகிறது. வொர்க்பெஞ்சை இந்த வேலைக்கு மூடிவிட்டேன். ஆனால் டேட்டாபேஸே இன்னும் பிறக்காமல், முதலில் படம் போட்டு அதிலிருந்து டேபிள் உண்டாக்கப் போகிறவருக்கு அதைத்தான் சொல்வேன். அந்தத் திசையில் அது நன்றாகவே ஓடுகிறது.

போஸ்ட்கிரெஸ்காரர்கள் பிஜிஅட்மின் என்ற நிர்வாக மென்பொருளுக்குள்ளேயே இருக்கிற இஆர்டி கருவியை முதலில் பாருங்கள். பிஜிமாடலர் அதைவிட ஆழமானது, போஸ்ட்கிரெஸுக்கு மட்டுமே. அதன் மூலநிரல் இலவசம், உடனே ஓடும்படி தயாராக்கிய நிரலுக்குக் காசு. ஈஆர்வின், பவர்டிசைனர் என்ற பெரிய நிறுவனங்களுக்கான மாடலிங் மென்பொருள்கள் பற்றிக் கேட்டவருக்கு ஒரு கேள்வி: டேபிள் 12 என்கிறீர்கள், குருவி தலையில் பனங்காய் எதற்கு?

மார்ச் 21

புதியவருக்குக் கொடுத்த பில்லிங் தாளை இன்று அவர் மேசையில் பார்த்தேன். குறிப்பு டேபிளிலிருந்து பென்சிலில் மூன்று கோடு. ஒன்று ஆர்டருக்கு, ஒன்று ரசீதுக்கு, ஒன்று கஸ்டமருக்கு. நான் அப்படி எதுவும் போடவில்லையே என்றேன். டேபிளைத் திறந்து காட்டினார். ரெஃப்_டைப், ரெஃப்_ஐடி என்று இரண்டு ஃபீல்டு. டைப்பில் "ஆர்டர்" என்று இருந்தால் அந்த ஐடி ஆர்டருடையது, "ரசீது" என்று இருந்தால் ரசீதுடையது. ஒரே ஃபீல்டு மூன்று டேபிளைப் பார்க்கிறது. இதற்கு ஃபாரின் கீ போட முடியாது. ஸ்கீமாஸ்பையின் ஊகத்திலும் இது வராது. ஒரு பிழையைத் துரத்திப் போனபோது கண்டுபிடித்தாராம்.

டிபிஎம்எல்லில் எழுத உட்கார்ந்தேன். மூன்று உறவாகப் போட்டால், மூன்றும் எப்போதும் உண்டு என்று படம் பொய் சொல்லும். டேபிளின் குறிப்பு வரியில் வாக்கியமாக எழுதிவைத்தேன். படத்தில் அது ஒரு சின்ன ஐகானாக மட்டும் தெரிகிறது. புதுப் படம் அச்செடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இந்தத் தாளே இருக்கட்டும் என்றார்.

பேப்பரும் பென்சிலும் என்று முதல் நாள் எழுதியவர் இன்னும் இந்த இழையைப் படிக்கிறாரா?